முகம் தந்த கொல்லிமலை மைந்தர்

(இளமறிவியல் மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

கொல்லிமலை என்றவுடன் நம் நினைவில் எழுவோர் இருவர். ஒருவன் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி. மற்றொருத்தி சங்கப் புலவர்கள் போற்றிய கொல்லிப்பாவை. கண்டாரை மயக்கும் முகம் கொண்டவள் அப்பாவை என்பர். அதே மலையில் வளர்ந்து, சிதைந்துபோன மனித முகங்களைச் சீர் செய்வதில் தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளைச் செலவிட்ட மூன்றாமவர் ஒருவரும் உண்டு. அவர்தாம் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோய் மருத்துவ உலகம் முழுவதும் அறிந்த அப்பெயரைக் கொங்கு நாட்டு மாணவர்களாகிய நம்மிற் பலர் அறியாதிருப்பது வியப்பே.

இன்று கோவையில் முக அறுவை பற்றிய பேச்சு புதிதன்று. தளர்ந்த முகத்தை உயர்த்தச் சிறு கீறல் போதுமா, காதைச் சுற்றிய முழுக் கீறல் வேண்டுமா என்று கேட்போர் பெருகிவிட்டனர். இதனை வசதி படைத்தவர்களின் வீண் ஆசை என்று ஒதுக்கிவிடுவோரும் உண்டு. ஆயின், எந்த முகத்திற்கு எவ்வளவு அறுப்பது என்னும் கேள்வி, வேலூரில் ஏழைத் தொழுநோயாளர் படுக்கையருகே வாழ்வுக் கேள்வியாகவே எழுந்தது. அதற்கு அங்கே கிடைத்த விடை நமக்கும் பயன்படும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

மலையில் வளர்ந்த மகன்

பால் பிராண்ட் 1914ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 17ஆம் நாள் பிறந்தார். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட், தாய் எவலின். இருவரும் இங்கிலாந்திலிருந்து சமயப் பணிக்காக வந்தவர்கள். கொல்லிமலை அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது; 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது. அன்றோ நடைதான், இயலாதவரை டோலியில் தூக்கிச் செல்வர். மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் அங்கே இரவு தங்கவும் தயங்குவர்.

ஜெஸ்ஸி பிராண்ட் முறையாகப் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். ஆயினும் மலைமக்களுக்கு மருந்து கொடுத்தார், பல் பிடுங்கினார், தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்பித்தார். அந்நாளில் நரம்புச் சிலந்தி நோய் அங்கே மிகுதி. காலிலிருந்து தலைநீட்டும் புழுவை ஒரு குச்சியில் நாளும் சிறிது சிறிதாகச் சுற்றி வெளியே எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் புழு அறுந்து உள்ளேயே அழுகிவிடும். அந்தப் பொறுமையை உடனிருந்து கண்டு வளர்ந்தவர் சிறுவன் பால்.

மற்றொரு நிகழ்ச்சியும் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. ஒருநாள் தொழுநோயாளர் மூவர் மலையேறி வந்தனர். தந்தையார் கையுறை அணிந்துகொண்டு அவர்களுடைய புண்களைக் கழுவிக் கட்டினார். அன்புள்ளம் கொண்ட பெற்றோரும் அந்நோய்க்கு மட்டும் அஞ்சியதைக் குழந்தைகள் கண்டனர். வந்தவர்கள் விட்டுச்சென்ற கூடையும் எரிக்கப்பட்டது. எதற்கும் அஞ்சாத தந்தையையே அஞ்ச வைத்த நோய் அது என்பதைச் சிறுவன் மறக்கவில்லை.

1923இல், ஒன்பதாம் வயதில், பால் கல்விக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். தந்தையை அவர் மீண்டும் காணவில்லை. 1929இல் ஜெஸ்ஸி பிராண்ட் கடுங்காய்ச்சலால் கொல்லிமலையிலேயே மறைந்தார். தாய் எவலினோ மலைகளை விட்டு அகலவில்லை. முதுமையிலும் மட்டக்குதிரை மீதேறிக் கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை எனச் சுற்றிப் பணி செய்தார். 1974இல், 95ஆம் வயதில் மறைந்த அவர், கொல்லிமலையில் கணவரின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

உளி பிடித்த கை கத்தி பிடித்தது

பால் முதலில் விரும்பியது மருத்துவத்தை அன்று. தந்தையைப் போலக் கட்டடம் கட்டவே விரும்பி, தச்சு, கொத்து வேலைகளைச் சில ஆண்டுகள் முறையாகக் கற்றார். பின்னரே மருத்துவத்தில் நாட்டம் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கு உடன்பயின்ற மார்கரெட் பெரியை 1943இல் மணந்தார். இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சு நாட்கள் அவை. இடிபாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் கைகால்களைச் சீராக்கியதே அவருடைய அறுவைப் பயிற்சி ஆயிற்று. 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். பிறந்த மண் மீண்டும் அழைத்துக்கொண்டது என்றே சொல்லலாம்.

செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு டாக்டர் இராபர்ட் காக்ரேனைக் காணச் சென்றபோதுதான் அவர் வாழ்வு திரும்பியது. விரல்கள் மடங்கிய கைகளுடன் நோயாளர் பலர் அங்கே இருந்தனர். அவர்களுள் ஒருவரிடம் தம் கையை அழுத்திப் பிடிக்குமாறு பிராண்ட் கேட்டார். பயனற்றது என்று கருதப்பட்ட அக்கை, அவர் வலியால் துடிக்கும் அளவிற்கு இறுகப் பற்றியது. கையைப் பிடிக்கும் தசைகள் நலமாகவே உள்ளன, விரல்களை நிமிர்த்தும் சிறு தசைகளின் நரம்பே செயலிழந்தது என்பது அந்தக் கணத்தில் அவருக்கு விளங்கியது. முன்கையில் நல்ல நிலையில் உள்ள தசைநாணை எடுத்து விரலில் இணைத்தால் கை திறக்குமன்றோ?

தொழுநோயாளரின் சதை கெட்ட சதை, அறுத்தால் ஆறாது என்பதே அக்கால மருத்துவரிடமும் நிலவிய எண்ணம். அது தவறு என்பதை 1940களின் இறுதியில் பிராண்டும் அவருடைய குழுவினரும் செய்துகாட்டினர். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை; வலி உணர்வு இல்லாமையால் சுட்டும் வெட்டியும், இரவில் எலி கடித்தும் அழிகின்றன என்பதையும் பொறுமையாக ஆய்ந்து நிறுவினர்.

கை வந்தது, வேலை வரவில்லை

கைகள் நிமிர்ந்தன. நோயும் டாப்சோன் மருந்தால் அடங்கியது. மகிழ்வுடன் ஊர் திரும்பியோர் மீண்டும் வேலூருக்கே வந்து நின்றனர். விரல் மடங்கியிருந்தபோது பிச்சையாவது கிடைத்தது. இப்போது அதுவும் இல்லை. வேலை கொடுப்பாரும் இல்லை. காரணம் முகம். புருவம் உதிர்ந்து, மூக்குத் தண்டு அமிழ்ந்து, கன்னம் சுருங்கித் தொங்கிய முகத்தைக் கண்டவுடன் உணவுக்கடைக்காரர் விரட்டினார், பேருந்திலிருந்து இறக்கிவிட்டனர். நோய் நீங்கிய சான்றிதழ் பையில் இருந்தது. நோயின் சான்றிதழோ முகத்தில் எழுதியிருந்தது. எதை ஊரார் படிப்பர்?

இதற்கு இரண்டு வகையில் வழி தேடப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் என்னும் சிற்றூர் போன்ற இல்லம் தோன்றியது. அங்கே உணர்வற்ற கைகளைக் காயப்படுத்திக்கொள்ளாமல் தச்சு வேலை செய்யக் கற்பித்தனர். தந்தையிடமும் இலண்டன் பட்டறையிலும் கற்ற தச்சு பிராண்டுக்கு இங்கே கைகொடுத்தது. மற்றொரு வழி முக அறுவை. பிராண்ட் எலும்பு, கை அறுவையில் தேர்ந்தவரே தவிர முகத்தில் தேர்ந்தவர் அல்லர். ஆயினும் தேவை கண்டு, பிறரிடம் கற்று, குழுவினருடன் அதிலும் இறங்கினார்.

மூக்கிற்கு இரு வழிகள்

மூக்கு அறுவையில் நம் நாட்டிற்குப் பழம்பெருமை உண்டு. நெற்றித் தோலை இறக்கி மூக்கு அமைக்கும் கலை, சுசுருதர் மரபிலிருந்து வளர்ந்தது. மைசூர்ப் போரில் திப்புவின் படையிடம் சிக்கி மூக்கும் கையும் இழந்த கௌவாஸ்ஜி என்னும் வண்டிக்காளை ஓட்டிக்குப் புனே பகுதியில் அவ்வாறு மூக்கு அமைத்த செய்தி, 1794இல் இலண்டன் இதழொன்றில் வெளியாயிற்று. அதைப் படித்தே ஐரோப்பிய மருத்துவர்கள் இம்முறையைக் கைக்கொண்டனர்.

தொழுநோயால் அமிழ்ந்த மூக்கிற்கும் இந்த நெற்றித்தோல் முறை தொடக்கத்தில் கையாளப்பட்டது. மூக்கு எழுந்தது, ஆனால் நெற்றியில் பெரிய தழும்பும் எழுந்தது. ஒரு வடு நீங்கி மற்றொரு வடு வந்தால் ஊரார் கண்ணுக்கு என்ன வேறுபாடு? அப்போதுதான் அடிப்படைக் கேள்வி ஒன்று உதவிற்று. இம்மூக்கில் உண்மையில் இழந்தது எது?

தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை விரும்பும். மூச்சுக்காற்றால் குளிரும் மூக்கின் உட்புறத்தில் அது தங்கி, உட்சவ்வையும் குருத்தெலும்பையும் அழிக்கிறது. வெளித்தோலோ அழிவதில்லை. நடுக்கம்பம் ஒடிந்த கூடாரத்தில் துணி கிழியாமல் சரிந்து கிடப்பதுபோல் உள்ளே சுருங்கிக் கிடக்கிறது. அவ்வாறாயின் புதுத்தோல் எதற்கு? இலண்டன் அறுவை மருத்துவர் ஹெரால்டு கில்லிஸ் வகுத்த உள்வழி முறை இதற்குப் பொருந்தியது. மேலுதட்டிற்கும் ஈறுக்கும் இடையே, வாயினுள் கீறல். அவ்வழியே சென்று சுருங்கிய தோலைப் பிரித்து வெளியே தள்ளுவர். தொடையிலிருந்து எடுத்த மெல்லிய தோலை அச்சு ஒன்றின்மேல் போர்த்தி உள்ளே வைத்துப் புது உட்பூச்சு அமைப்பர். பின்னர் தாங்குவதற்கு இடுப்பெலும்புத் துண்டு ஒன்றை வைப்பதும் உண்டு. வெளியே ஒரு தழும்பும் தெரியாது.

இங்கே நாம் ஒன்றைக் கருத வேண்டும். வெளியே தெரியாத கீறல் என்பதால் இஃது எளிய அறுவை அன்று. அச்சு சரியாக நில்லாவிடின் மூக்கு மீண்டும் சுருங்கும். வெளித்தோலே அழிந்துபோன முகத்திற்கு இம்முறை பயன்படவும் செய்யாது. அதற்கு நெற்றித்தோல்தான் வேண்டும். கீறலின் அளவு முதற்கேள்வி அன்று, இழப்பின் அளவே முதற்கேள்வி என்பது இதனால் விளங்கும்.

புருவம், இமை, கன்னம்

புருவத்திற்கும் இரு வழிகள் இருந்தன. தலைமுடியுள்ள தோலில் சிறு பட்டையை நறுக்கிப் புருவத்தில் ஒட்டுவது ஒன்று. சிறிய வேலை, ஆனால் முடி பிழைப்பது உறுதியில்லை. மற்றொன்று, அத்தோலை அதன் இரத்தக்குழாய் அறாமல் எடுத்து, நெற்றித் தோலுக்கு அடியில் சுரங்கம் போலக் குடைந்து புருவத்திற்குக் கொண்டுவருவது. பெரிய வேலை, ஆனால் அடர்ந்த முடி வளரும். புருவம் பெற்ற சிலர் மகிழ்ச்சி மிகுதியால் அதனைக் கத்தரிக்காமல் நீளமாக வளர்த்துக்கொண்டு நடந்தார்களாம்! பல்லாண்டு புருவமின்றி வாழ்ந்தவனுக்கன்றோ அதன் அருமை தெரியும்?

இமை மூடாதவர்களுக்கு அழகினும் பார்வையே இடராயிற்று. மூடாத கண் உலர்ந்து குருடாகும். மெல்லுவதற்குப் பயன்படும் பொட்டுத் தசையின் ஒரு பகுதியை இமையோடு இணைத்தனர். அதன்பின் நோயாளி வாயசைத்து மென்றால் கண்ணிமை மூடும். கண்ணைக் காக்க அடிக்கடி மெல்ல வேண்டும் என்பதைப் பழக்கமாக்கினர். மார்கரெட் பிராண்ட் கண் மருத்துவத்தில் இறங்கி, தொழுநோயாளரின் கண் காக்கும் துறையில் உலகப் புகழ் பெற்றார்.

கன்னத்தின் கதைதான் நம் தலைப்பிற்கு மிக நெருங்கியது. நோய் முற்றியபோது தடித்துப் பருத்த முகத்தோல், மருந்தால் நோய் அடங்கியபின் நெகிழ்ச்சி இழந்து தொங்கும். முப்பது வயதினர் அறுபது வயதினர் போலத் தோன்றுவர். இவர்களுக்கும் முகத்தோலை உயர்த்தும் அறுவை தொழுநோய் மருத்துவத்தில் இடம்பெற்றது. மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரும் மடிப்பில் மட்டும் நறுக்கித் தைப்பது ஒரு வழி. காதின் முன்னே கீறித் தோலைப் பின்னிழுப்பது மற்றொரு வழி. வெறும் அழகுக்கென்று நாம் எண்ணும் அறுவை, அங்கே ஒருவன் பேருந்தில் அமர்வதற்கும் கடையில் உண்பதற்கும் உரிமை பெற்றுத் தந்தது.

ஐரோப்பாவிலும் இவ்வறுவையின் தொடக்கம் முழுக்க ஆடம்பரம் அன்று. பாரிசில் சூசான் நோயல் என்னும் பெண் மருத்துவர், முதுமை தெரிந்தால் வேலை போய்விடும் என்று அஞ்சிய பெண்களுக்குக் காதருகே சிறு கீறல்களால் முகம் சீர் செய்தார். தோலை மட்டும் இழுத்துத் தைத்தால் விரைவில் தளர்ந்துவிடும் என்பது நாளடைவில் தெரிந்தது. தோலின் கீழுள்ள தசைப்படலத்தை மிட்ஸ், பெய்ரோனி என்னும் பிரெஞ்சு மருத்துவர்கள் 1976இல் விளக்கினர். அதனை உயர்த்திக் கட்டுவதே இன்றைய முறைகளின் உயிர்நாடி. சிறு கீறல், பொட்டிலிருந்து காதுமடல் அடிவரை நிற்கும், வீக்கம் குறைவு, விரைவில் வெளியே செல்லலாம், கன்னமும் தாடையோரமும் சற்று உயரும். முழுக் கீறல் காதின் பின்னும் சுற்றிப் பிடரி முடியோரம் வரை செல்லும். கழுத்துத் தளர்வையும் சீராக்கும். ஆனால் ஆற நாளாகும். இரண்டிலும் தோலடியில் இரத்தம் தேங்குவதும், முகநரம்பு பாதிப்பதும் நேரலாம். புகைபிடிப்போர்க்குக் காதின் பின்தோல் ஆறாது போகும் இடரும் உண்டு.

எங்கள் வீட்டில் எழுந்த கேள்வி

இவற்றையெல்லாம் நான் தேடிப் படித்ததற்கு என் அத்தையே காரணம். பெருந்துறைப் பக்கத்துச் சிற்றூரில் வாழ்பவர். முகவாதம் வந்து பல ஆண்டுகளாக அவருடைய இடக்கன்னமும் வாயோரமும் சரிந்திருந்தன. காப்பி குடித்தால் ஓரத்தில் வழியும். கொங்கு நாட்டுத் திருமணங்களில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தாள் செய்யும் இணைச்சீர் எத்துணைச் சிறப்புடையது என்பதை நாமறிவோம். என் சித்தப்பாவின் திருமணம் உறுதியானபோது, அத்தனை பேர் முன்னிலையில் மணவறையில் நிற்க மாட்டேன் என்று அத்தை மறுத்துவிட்டார்.

கோவையில் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். சிறு கீறலா, பெரிய கீறலா என்று வீட்டில் இரு கட்சிகள் உருவாயின. பாட்டிக்குத் தழும்பு அச்சம். அப்பாவுக்குச் செலவுக் கவலை. மருத்துவரோ அளவைப் பேசவில்லை. அத்தையின் கையில் கண்ணாடியைக் கொடுத்து, காதின் முன்னே தோலை விரலால் மெல்ல உயர்த்திக் காட்டினார். கன்னம் சற்று எழுந்தது, வாயோரம் எழவில்லை. அங்கே தளர்ந்தது தோலன்று, அதைத் தாங்கும் தசையே என்பது படிக்காத பாட்டிக்கும் புரிந்தது. தொடையிலிருந்து உறுதியான சவ்வுப் பட்டை எடுத்து வாயோரத்தைப் பொட்டுடன் தூக்கிக் கட்டுவதும், அதற்கேற்ற நீண்ட கீறலுமே பொருத்தம் என்று அத்தையே முடிவு செய்தார். முகம் முன்போல் முழுதும் சமமாகிவிடவில்லை. சிரித்தால் வேறுபாடு தெரியும். ஆனால் காப்பி வழிவதில்லை. சித்தப்பா திருமணத்தில் இணைச்சீர் செய்தவர் அத்தைதான்.

வேலூரில் எழுந்த அதே கேள்வி, அதே வரிசையில், எங்கள் வீட்டிலும் எழுந்ததைப் பின்னர் பிராண்டின் வாழ்வைப் படித்தபோது உணர்ந்தேன். இழந்தது எது? இவர் திரும்பிச் செல்ல வேண்டிய வாழ்வு எது? இவ்விரண்டிற்கும் விடை கண்டபின்னரே கீறல் எவ்வளவு என்பது வரும்.

கடல் கடந்த பணி

பிராண்டின் புகழ் பரவியது. 1960இல் லாஸ்கர் விருதும், 1961இல் பிரித்தானிய அரசின் சிறப்பும் கிடைத்தன. 1955இல் வேலூரை அடுத்த கரிகிரியில் எழுந்த தொழுநோய் ஆய்வு நிலையம் பல நாட்டு மருத்துவர்களுக்குப் பயிற்சிக்கூடம் ஆயிற்று. அவரிடம் பயின்றோருள் டாக்டர் மேரி வர்கீஸ் தனித்துச் சொல்லத்தக்கவர். 1954இல் நேர்ந்த ஊர்தி விபத்தில் முகத்தில் காயமுற்று, இரு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவத்தில் நாடறிந்த வழிகாட்டியானார்.

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். வலியுணர்வு இழந்த கால்களுக்கு வேலூரில் கண்ட காப்புமுறைகள், அங்கே நீரிழிவு நோயாளரின் கால்களையும் காத்தன. வலியைச் சாபமாகக் கருதாமல் உடலின் காவலனாகக் காண வேண்டும் என்பதை நூல்கள் வழியே உலகிற்கு எடுத்துரைத்தார். 2003ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8ஆம் நாள் சியாட்டில் நகரில் காலமானார்.

நாம் கொள்ளத்தக்கது

இன்று தொழுநோய்க்குக் கூட்டு மருந்து உண்டு. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் முகமும் கையும் சிதைவதில்லை. தேமலில் உணர்வின்மை கண்டால் உடனே அரசு மருத்துவமனையை நாடுமாறு நம் ஊராருக்குச் சொல்வது மாணவராகிய நம் கடமை. புது நோயாளர் இன்றும் தோன்றுகின்றனர் என்பதை மறத்தலாகாது.

முகத்தைச் சீராக்க விழைவோரை எள்ளுவதும் நமக்கு வேண்டாம். மெலிந்த கீறலே சிறந்தது என்று விளம்பரத்தை நம்புவதும் வேண்டாம். பெரிய அறுவையே முழுப்பயன் தரும் என்று மயங்குவதும் வேண்டாம். நோயாளியின் முகத்தையும் அவர் திரும்பிச் செல்லும் தெருவையும் ஒருங்கே பார்த்தவர் பால் பிராண்ட். தேவைக்குக் குறைவாகவும் அறுக்காமல், மிகையாகவும் அறுக்காமல் நிறுத்தத் தெரிந்தது அந்தப் பார்வையால்தான். குச்சியில் நாளும் ஒரு சுற்று என்று புழுவை எடுத்த தந்தையின் பொறுமை, மகனிடம் அறுவைக் கத்தியாக வளர்ந்தது. கொல்லிமலைக்குச் சுற்றுலா செல்லும் தோழர்கள், அருவியையும் அறப்பளீசுவரர் கோயிலையும் கண்ட பின், அந்த மருத்துவரை ஈன்ற பெற்றோர் துயிலும் மண்ணையும் ஒருமுறை கண்டு வாருங்கள்.